தொப்பி அணிந்த மண்டையோடு

ஐப்பசி அடைமழை மாலைகளில் எனக்கொரு விபரீத ஆசை. விடுதி அறைச் சன்னலைச் சாத்திவிட்டு எலும்புக்கூடுகள் வரைவேன். அறைத் தோழர்கள் எனக்கு இட்ட பெயர் 'சுடலை'. எப்போதும் கறுப்புச் சட்டை அணிவதால் என்னைக் கட்சிக்காரன் என்று எண்ணியவர்களும் உண்டு!

இப்பித்தை எனக்கு ஏற்றியவர் மெக்சிகோ நாட்டு அச்சுச் சித்திரக்காரர் ஹோசே குவாதலூப்பே போசாதா. 1852-இல் பிறந்து, 1913-இல் வறுமையில் மறைந்தவர். மிதிவண்டி ஓட்டும் எலும்புக்கூடு, பூவும் இறகும் செருகிய பெருந்தொப்பியோடு பல்லிளிக்கும் சீமாட்டி மண்டையோடு என்று அவர் செதுக்கியவை மலிவுத் தாளில் அச்சாகித் தெருவில் விலைபோயின. பகட்டுக்காரரைப் பார்த்து, 'உள்ளே நீயும் எலும்புதானே?' என்று கேட்கும் கேலி அது. 1947-இல் தியேகோ ரிவேரா தம் சுவரோவியத்தில் அச்சீமாட்டிக்கு முழு உடையும் உடுத்தி, போசாதாவின் கைகோத்து நிற்க வைத்தார்.

அந்நாட்டில் நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் இறந்தோருக்குச் செண்டுமல்லி பரப்பி, சர்க்கரையில் மண்டையோடு செய்து வைப்பார்கள். நமக்கும் அது ஐப்பசிதான்.

சென்ற ஐப்பசியில் தையற்காரரான என் தாத்தா மறைந்தார். வீட்டில் யாரும் அவர் பேச்சையே எடுக்கவில்லை. தையல் எந்திரம் மிதிக்கும் எலும்புக்கூடாக, மூக்குக்கண்ணாடியோடு அவரை வரைந்தேன். கண்டுவிட்ட அப்பா கிழிக்கப் போனார். அப்பத்தா பிடுங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிப் போடுடா. அவரு அப்படித்தான் தைப்பாரு."

எலும்புக்கூட்டுக்கு ஏது மூக்கு? இருந்தும் திருத்தினேன்.