மாமாவின் செல்போனுக்கு ஒரு சட்டை

என் கல்யாணத்துக்குக் கூறைப் புடவை எடுக்க ஒரே ஒரு நாள்தான் கும்பகோணம் கடைத்தெருவில் அலைந்தோம். ஆனால் என் மாமனாரின் செல்போனுக்கு ஒழுங்கான தோல் உறை ஒன்று வாங்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது என்றால் நம்புவீர்களா?

"ஒரு கவர் வாங்குவது என்ன பிரமாதம்? இதற்கு ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டு முடித்ததும், உங்கள் வீட்டுப் பெரியவரின் சட்டைப் பையை ஒரு தடவை எட்டிப் பார்க்கத்தான் போகிறீர்கள்.

எங்கள் ஊர் வலங்கைமான். கும்பகோணத்தில் பஸ் ஏறினால் அரை மணியில் வந்துவிடலாம். நாவன்மையால் உலகம் முழுவதும் பெயர் வாங்கிய சீனிவாச சாஸ்திரியார் 1869-இல் பிறந்த ஊர். பங்குனியில் மாரியம்மனுக்குப் பாடைக் காவடி எடுக்கிற ஊரும் இதுதான். பெரிய நோயிலிருந்து பிழைத்தவர்கள், யமன் வாசல் வரை போய்த் திரும்பியதற்கு அம்மனுக்கு நன்றியாகப் பாடையில் படுத்து வருவார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் திடுக்கிடுவார்கள். எங்களுக்கோ, அது பிழைத்த சந்தோஷம்.

சென்ற ஆடி மாதம் அந்தச் சந்தோஷத்துக்கு நாங்களும் ஏங்கும்படி ஆயிற்று. 82 வயதான மாமா திண்ணைப் படியில் தலை சுற்றி விழுந்தார். இதயத் துடிப்பு மிகவும் குறைந்துவிட்டது என்று தஞ்சாவூரில் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். இடது பக்கம், காறை எலும்புக்குக் கீழே, 'பேஸ்மேக்கர்' என்ற கருவியைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். தீப்பெட்டி அளவுகூட இராது. இதயம் துடிக்க மறந்தால், மெல்லிய மின்சாரத்தால் ஒரு தட்டுத் தட்டி ஞாபகப்படுத்துவது அதன் வேலை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அப்பாவுக்கு ஒரு புதுச் செல்போன் வாங்கிக் கொடுத்தார். மாமா அதை இடது சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கீழே கிடக்கும் செய்தித்தாளை எடுக்கக் குனிவார். செல்போன் முதலில் குனிந்து தரையில் குதிக்கும். தீபாவளிக்குள் கண்ணாடியில் இரண்டு கீறல்.

தீபாவளிச் சாமான் வாங்கப் போன இடத்தில், என் கண்ணில் ஓர் உறை பட்டது. அரக்கு நிறம், பளபளப்பு. புத்தகம் மாதிரி திறக்கலாம். மூடினால் 'டப்' என்று தானாகவே ஒட்டிக்கொள்ளும். "அசல் தோல், அம்மா!" என்றார் கடைக்காரர். 900 ரூபாய் கொடுத்து வாங்கி வந்து மாமாவிடம் நீட்டினேன். நாலு தடவை 'டப் டப்' என்று திறந்து மூடிவிட்டு, "கெட்டிக்காரி அம்மா நீ!" என்று இடது பையில் போட்டுக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

தை மாதம் கருவியைச் சோதிக்கத் தஞ்சாவூர் போனோம். சோதனை செய்கிற பெண் மிகவும் சின்னவள். "பையில் என்ன வைத்திருக்கிறீர்கள், தாத்தா?" என்று கேட்டாள். மாமா பெருமையாக எடுத்துக் காட்டினார். அவள் காகிதக் கட்டிலிருந்து ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து உறையின் மூடியருகே கொண்டுபோனாள். கிளிப் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. 'டப்' என்ற சத்தத்தின் ரகசியம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூடிக்குள் காந்தம்!

"காந்தம் ரொம்பக் கிட்டே வந்தால் பேஸ்மேக்கர் இதயத்தைக் கவனித்துத் தட்டுவதை விட்டுவிட்டு, ஒரே வேகத்தில் தட்ட ஆரம்பித்துவிடும், அக்கா. டாக்டர்களே சோதனைக்காக அப்படிக் காந்தம் வைத்துப் பார்ப்பதுண்டு. எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும். ஆனால் நாள் முழுக்க மார்பில் சுமக்கலாமா?" என்றாள். அபாயமான துடிப்பின்போது அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் இன்னொரு வகைக் கருவி இருக்கிறதாம். அதனருகில் காந்தம் இருந்தால், கொடுக்க வேண்டிய நேரத்தில் அதிர்ச்சியையே கொடுக்காமல் இருந்துவிடக்கூடுமாம்.

உறை மட்டுமல்ல, சில புதிய செல்போன்களின் முதுகிலேயே காந்தம் இருக்கிறது. இப்படிப்பட்ட சாதனங்களை உடம்பிலுள்ள கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கும்படி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் எச்சரித்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளையின் சின்ன அடிக்கோல் நீளம் அது. மாமாவின் பைக்கும் கருவிக்கும் இடையில் இருந்ததோ நாலு விரல்!

கடவுள் கிருபையால் கெடுதல் ஒன்றும் நேரவில்லை. ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். மாமா பார்த்துவிட்டார். "நீயா அம்மா காந்தத்தை வைத்துத் தைத்தாய்? விடு!" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த 'அசல் தோலை' நன்றாகப் பார்த்தேன். மார்கழிப் பனியிலேயே மூலை உரியத் தொடங்கியிருந்தது. உரிந்த இடத்தில் எட்டிப் பார்த்தது தோலா? இல்லை, துணி! துணிமேல் பூசிய பிளாஸ்டிக் பூச்சு!

இனிச் செல்போனை எங்கே வைப்பது? மாமா கட்டுவது வேஷ்டி. அதில் ஏது பை? கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் மறுபடியும் மார்பில்தான் வந்து இடிக்கும். வலது தோளில் வார் மாட்டி இடுப்பருகே தொங்கவிடலாம் என்றேன். "கோவில் மாட்டுக்குச் சலங்கை கட்டுகிற மாதிரியா? வேண்டாம் அம்மா" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

மாசியில் புதுப் புளி அடைக்கப் பானை எடுக்கப் பரணில் ஏறினேன். பானைக்குப் பின்னால் கிடந்தது மாமாவின் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ! 1966-இல் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். உலகத்தின் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1954-இல்தான். பன்னிரண்டே வருஷத்தில் வலங்கைமானுக்கு வந்துவிட்டது! ரேடியோ எப்போதோ ஊமையாகிவிட்டது. ஆனால் அதன் பழுப்புத் தோல் உறை? தையல் ஒன்றுகூட விடவில்லை. சத்தம் வெளியே வர வரிசை வரிசையாகத் துளைகள், முதுகில் ஓர் அமுக்குப் பித்தான், தோளில் மாட்ட நீண்ட வார்.

தூசி தட்டிக் கொடுத்ததும் மாமா அதை வலது தோளில் மாட்டிக்கொண்டார். "இப்படி மாட்டிக்கொண்டுதான் திருச்சி ரேடியோவில் கச்சேரி கேட்டபடி குடமுருட்டிக் கரையோடு நடப்பேன்" என்றார். அவர் முகத்தில் அறுபது வருஷம் குறைந்துவிட்டது. நான் மெதுவாக, "இதே மாதிரி செல்போனுக்கு ஒன்று தைக்கச் சொல்லட்டுமா, மாமா?" என்றேன். "சொல்லேன்" என்றார்.

கும்பகோணத்தில் பெல்ட்டும் பையும் தைக்கிற ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன், முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோலின் மேல்பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வெட்டு விளிம்பைப் பாருங்கள். அசல் தோலில் நார் நாராக ஒரே சதை தெரியும். போலியில் துணியும் பூச்சும் அடுக்கடுக்காகத் தெரியும். விளிம்பை மடித்து மறைத்திருந்தால் உள்பக்கத்தைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் அசல் தோலில் மெல்லிய சுருக்கங்கள் ஓடும். வாசனையை மட்டும் நம்ப வேண்டாம், அதையும் தெளிக்கிறார்களாம்! தோல் தூளைப் பசை போட்டு ஒட்டிய பலகையும் 'தோல்' என்ற பெயரில்தான் வருகிறது. அது சீக்கிரம் உதிரும்.

அசலிலும் இரண்டு வகை. குரோமிய உப்பில் பதனிட்டது மெத்தென்று இருக்கும். தண்ணீரும் கொஞ்சம் தாங்கும். சென்னைக் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் கம்பெனியால்தான். மரப்பட்டையில் பதனிட்டது விறைப்பானது, உருவம் கெடாது, கைபடக் கைபட நிறம் ஏறி மெருகு கூடும். ஒரு காலத்தில் நம் ஆவாரம் பட்டையிலேயே பதனிட்டார்கள். பிற்பாடு வாட்டில் மரப்பட்டைச் சாறு வந்தது. திருச்சி, திண்டுக்கல் பக்கத்துத் தோல் அதற்குப் பேர்போனது. அதில்தான் மாமாவுக்குத் தைத்தோம்.

விளிம்பு, செல்போன் கண்ணாடியைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். குப்புற விழுந்தாலும் கண்ணாடி தரையில் படாது. விழும்போது முதலில் அடி வாங்குவது மூலைகள். அங்கே தோல் இரட்டையாக இருந்தால் நல்லது. மூடிக்குக் காந்தம் வேண்டாம். அமுக்குப் பித்தான் போதும். சார்ஜ் போடும்போது உறையைக் கழற்றிவிடுங்கள். தடித்த தோல் சூட்டை வெளியே விடாது. மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் வெடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் பைக்குள் மூடி வைத்தால் பூஞ்சை பூத்துவிடும்.

வைகாசியில் உறை வந்து சேர்ந்தது. அத்தை வாசலிலேயே மறித்தார்: "தோலா? சுவாமி அறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது!"

மாமா சிரித்தார். "வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளையின் தவிலைச் சுவாமிக்கு முன்னால்தானே வாசித்தார்கள்? அது என்ன, பட்டுத் துணி போர்த்திய தவிலா?" என்றார். தவில் மேதையின் ஊரில் இருந்துகொண்டு இதற்கு என்ன பதில் சொல்வது? "சரி சரி, ஆணியில் மாட்டுங்கள்" என்று அத்தை உள்ளே போய்விட்டார்.

இப்போது தினமும் சாயங்காலம் மாமா வலது தோளில் வாரை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். செல்போன் இடுப்பருகே தொங்குகிறது. சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி மட்டும்தான். தைத்த பெரியவர், நான் கேட்காமலேயே பழைய உறையைப் பார்த்து, புது உறையிலும் வரிசையாகத் துளை போட்டிருந்தார். அதன் வழியாக நாகஸ்வரம் தெருமுனை வரை கேட்கிறது. அது தேய்ந்து மறைகிற வரையில் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

சரி, எழுந்திருங்கள். உங்கள் வீட்டுச் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கையில் ஒரு ஜெம் கிளிப்பும் இருக்கட்டும்!