அம்மையும் எட்டாவது குருவும்

1/ எங்க இளம்பிள்ளைப் பக்கம் மரு வந்தா கஞ்சமலை சித்தர்கோயிலுக்கு உப்பு, மிளகு போட நேர்ந்துக்குவாங்க. டெல்லி பங்ளா சாஹிப் குருத்வாராவுல நோய் தீரணும்னு மக்கள் தீர்த்தம் குடிக்கிறதைப் பார்த்தப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு.

2/ அந்த இடம் முன்னாடி ராஜா ஜெய்சிங்கோட பங்களா. 1664-ல சீக்கியர்களின் எட்டாவது குரு ஹர் கிருஷன் அங்க தங்கினார். எட்டு வயசுகூட நிறையல. ஊர்ல பெரியம்மை, காலரா. வீட்டுக் கிணத்துத் தண்ணியை நோயாளிகளுக்கு அவரே கொடுத்தார்ங்கிறது சீக்கியர்கள் நம்பிக்கை.

3/ கடைசியில அவருக்கே பெரியம்மை. அந்த மார்ச்லயே காலமானார். ஜென்னரோட தடுப்பூசிக்கு இன்னும் 132 வருஷம் இருந்துச்சு.

4/ நோய் தொத்தும்னு ஒதுங்காம பக்கத்துல போய் நின்னுச்சே அந்தப் பிள்ளை, அந்த இடத்தோட புனிதம் எனக்கு அதுலதான் தெரியுது.

5/ பெரியம்மை ஒழிஞ்சுதுன்னு 1980-ல அறிவிச்சாச்சு. தட்டம்மை இன்னும் இருக்குங்க. 'அம்மா வந்திருக்கா, ஆஸ்பத்திரி வேண்டாம்'னு வீட்டுலயே வெச்சிருந்து, மூச்சு இளைச்ச பிறகு குழந்தையைத் தூக்கிட்டு வர்றாங்க.

6/ வேப்பிலை வைங்க, தீர்த்தமும் தெளிங்க. மூச்சு வாங்குனா உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. 9 மாசம் முடிஞ்சதும் ஒண்ணு, 16 மாசத்துக்கு மேல ஒண்ணுன்னு தட்டம்மை ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். விட்டுடாதீங்க.