பச்சையாகப் பூத்ததெல்லாம் பாசி இல்லை

கிணற்றடியில் வழுக்குகிற பாசியும் ஊறுகாய் ஜாடியில் பூக்கிற பூசணமும் ஒரே இனம்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இரண்டும் ஈரத்தில் வருகிறதே!

போன மழைக்காலத்தில், சரியாகக் காயாத வேர்க்கடலையை டப்பாவில் போட்டு இறுக மூடி வைத்தேன். தொட்டியை மூடினால் பாசி அடங்கிவிடுகிற மாதிரி இதுவும் என்று எண்ணம். திறந்தால் பச்சைப் பசேலென்று பூத்திருக்கிறது! தேய்த்துக் கழுவி, வறுத்துக் குழந்தைக்கு உருண்டை பிடிக்கப் போனேன். தாவரவியல் படிக்கும் நாத்தனார் மகள் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அத்தை, பாசி வெயிலை வச்சுத் தன் சாப்பாட்டைத் தானே தயாரிச்சுக்கும். வெளிச்சம் இல்லேன்னா பட்டினிதான். பூசணத்துக்கு அது தெரியாது. நாம வச்சிருக்கிறதைத்தான் தின்னும், இருட்டுலயும் வளரும். கடலையில வர்ற பூசணம் அஃப்ளடாக்சின்னு ஒரு நஞ்சை விடும். வறுத்தாலும் முழுசாப் போகாது. ஈரலையே கெடுத்துடும்!"

1974-ல் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்களாம். கேட்டதும் கை நடுங்கிவிட்டது.

ஒன்றரைப் படி கடலை! மனசு கேட்காமல்தான் கொட்டினேன். இப்போது நல்ல வெயிலில் காயவைத்து, குலுக்கினால் தோலுக்குள் பருப்பு கலகலவென்று சத்தம் போட்ட பிறகுதான் டப்பாவுக்குப் போகிறது.