ஹாலில் வைக்க ஒரு பெட்டி

நம்ம காலேஜ்ல யாராவது பிசி கட்டுறாங்கன்னா, பட்ஜெட்ல கடைசியா மிஞ்சுற காசுதான் கேபினட்டுக்கு. புராசசர், கிராபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்.எஸ்.டி. எல்லாம் முடிஞ்ச பிறகு, "கண்ணாடி வச்சது, லைட் எரியுறது எதாவது பாரு"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவோம். ஹாஸ்டலுக்கு அது சரிதான். ஹெட்போன் மாட்டின பிறகு ஃபேன் சத்தம் யாருக்குக் கேக்கப் போகுது? ஆனா வீட்டு ஹால்ல, டிவிக்குக் கீழ, ஸ்பீக்கருக்குப் பக்கத்துல உட்காரப் போற பிசின்னா கணக்கு தலைகீழ். அங்க முதல்ல கேபினட்டை முடிவு பண்ணணும். அதுக்குள்ள என்ன அடங்குதோ அதுதான் மத்ததெல்லாம்.

போன செமஸ்டர் லீவுல மதுரையில எங்க வீட்டுக்கு அப்படி ஒண்ணு கட்டினேன். கட்டினது ஒரு நாள் வேலை. கேபினட் தேடினது ஐந்து வாரம்.

டிவியில ஒரு ஸ்டிக் சொருகினா போதாதா, எதுக்கு பிசின்னு என் ரூம்மேட் கேட்டா. ஓடிடி மட்டும் பாக்குற வீட்டுக்குப் போதும். எங்க தாத்தாகிட்ட இருநூறுக்கு மேல விசிடியும் டிவிடியும் இருக்கு. ஒரு படத்துக்கு ரெண்டு டிஸ்க், நீளமான படம்னா மூணு. அதையெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல ஏத்தித் தரேன்னு சொன்னதுக்கு, "ஏத்திக்க, ஆனா நான் டிஸ்க்தான் போடுவேன்"னுட்டார். பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து, டிஸ்க்கை வேட்டி நுனியில துடைச்சு, ட்ரேயில வச்சு, அது உள்ள போறதைப் பாக்கணும் அவருக்கு. படம் அங்கேயே ஆரம்பிச்சிடுது. அதனால டிவிடி டிரைவ் வேணும். அதுவும் பெட்டிக்குள்ளயே வேணும். யுஎஸ்பி வயர்ல தொங்குற டிரைவை ஒரு வாரத்துல கீழ இழுத்துப் போட்டுடுவார்.

உண்மையான பிரச்சினை டிரைவ் இல்ல. தாத்தாவோட காது.

தாத்தாவுக்கு 78 வயசு. மின்வாரியத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். மூணு வருஷமா காதுல மெஷின் போடுறார். முன்னாடி ஹால்ல இருந்தது, சொந்தக்காரர் வீட்டுல வேண்டாம்னு கொடுத்த பழைய டவர் பிசி. அதுல படம் போட்டா தாத்தா பத்து நிமிஷம் உட்காருவார், அப்புறம் மெஷினைக் கழட்டி சட்டைப் பையில போட்டுட்டு சும்மா படத்தைப் பாத்துட்டு இருப்பார். கொஞ்ச நாள்ல ஹாலுக்கு வர்றதையே குறைச்சுக்கிட்டார். சாப்பிட்டதும் நேரா ரூமுக்குப் போயிடுவார். "வயசாகிடுச்சு, எதுலயும் பிடிப்பு இல்ல"ன்னு அம்மா சொன்னாங்க. நான் லீவுக்கு வந்தப்ப அவர்கிட்டயே கேட்டேன். "படம் பேசுறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டி பேசுது பாப்பா"ன்னார்.

நான் ஈசிஇ. சிக்னல், நாய்ஸ்னு நாலு வருஷமா படிக்கிறேன். இதைப் புரிஞ்சுக்க எனக்குத் தேவையான பாடமெல்லாம் செகண்ட் இயர்லயே முடிஞ்சிருச்சு.

வயசானா காதுல முதல்ல போறது பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்கள். பேச்சுல ஆ, ஓ மாதிரி உயிர் ஒலிகள் தாழ்ந்த அதிர்வெண்ல, நல்ல பலமா இருக்கும். ச, ட, த, ப மாதிரி வல்லின ஒலிகளோட அடையாளம் மேல, சுமார் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல, ரொம்ப மெலிசா இருக்கும். அதனாலதான் பெரியவங்க "நீ பேசுறது கேக்குது, என்ன சொல்றேன்னு புரியல"ன்னு சொல்றாங்க. காது மெஷின் அந்த மேல் பகுதியைத்தான் தூக்கிக் கொடுக்கும். அதே பகுதியில ஒரு சின்ன ஃபேன் வேகமா சுத்தி காத்தைக் கிழிக்கிற 'ஸ்ஸ்ஸ்' இருந்தா அதையும் சேர்த்துத் தூக்கும். விலை கூடின மெஷின்கள் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கும். தாத்தாவோடது சாதாரண மாடல். நமக்குக் காதுலயே விழாத இரைச்சல் அவருக்கு சிவாஜி வசனத்துக்கு மேல உட்கார்ந்திருக்கு.

பழைய டவரைத் திறந்து பாத்தேன். பின்னாடி ஒரு 80 மி.மீ. ஃபேன், நிமிஷத்துக்கு 2700 சுத்து. இதையே ஒரு 120 மி.மீ. ஃபேனா மாத்தினா என்ன ஆகும்? ஒரே வடிவ ஃபேன்கள்ல, தள்ளுற காத்தோட அளவு விட்டத்தோட மும்மடிக்கும் வேகத்துக்கும் ஏத்த மாதிரி மாறும். 120-ஐ 80-ஆல வகுத்து மும்மடியாக்கினா கிட்டத்தட்ட 3.4. அப்ப அதே காத்தைத் தள்ள நிமிஷத்துக்கு 800 சுத்து போதும். சத்தமோ வேகம் கூடக்கூட தாறுமாறா ஏறுற விஷயம். ஒரே ஃபேனோட வேகத்தைப் பாதியாக்கினா சுமார் 15 டெசிபல் குறையும். ஏழு இதழ் ஃபேன் 2700-ல சுத்தினா இதழ் கடக்குற அதிர்வெண் 315 ஹெர்ட்ஸ், அதோட மடங்குகள் மேல ஏறிட்டே போகும், கூடவே காத்தோட சீறலும். 800-ல சுத்தினா 93 ஹெர்ட்ஸ். மெஷின் கண்டுக்கவே கண்டுக்காத இடம்.

ஆக என் முதல் விதி: 120 மி.மீ. ஃபேன் மாட்ட இடமில்லாத கேபினட் வேண்டாம். இந்த ஒரு விதியிலயே பாதி கடை காலி.

மீதி பாதியை டிவி ஸ்டாண்ட் காலி பண்ணுச்சு. டேப் வச்சு அளந்தேன். உள் அகலம் 50 செ.மீ., உயரம் 21, ஆழம் 42. மேல் தட்டுல அப்பா வாங்கின 5.1 ரிசீவர். அது தலை வழியா சூட்டை விடுற சாமான், அது மேல எதையும் வைக்கக் கூடாது. அப்ப பிசி கீழ் தட்டுலதான், படுத்த வாக்குலதான். ஜூனியர்களுக்கு ஒரு விஷயம்: கேபினட்டோட ஆழத்தை மட்டும் பாக்காதீங்க. பின்னாடி எச்டிஎம்ஐ, பவர் வயர் ரெண்டும் வளைய குறைஞ்சது 5 செ.மீ. வேணும். வெப்சைட்ல அதை யாரும் எழுத மாட்டாங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு சனிக்கிழமை அலைஞ்சேன். போற கடையெல்லாம் கண்ணாடி டவர், உள்ள வானவில் விளக்கு. இருட்டுல படம் பாக்குற ஹால்ல அதை வச்சா கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி இருக்கும். "படுக்க வைக்கிற கேபினட் இருக்காண்ணா"ன்னு கேட்டா, "இப்ப யாரும்மா அதெல்லாம் கேக்குறாங்க"ன்னார் ஒருத்தர். இன்னொரு கடையில ஒரு ஸ்லிம் கேபினட் எடுத்துக் காட்டினாங்க. பாக்க அம்சமா, பத்து செ.மீ. உயரத்துல, டிவிடி பிளேயர் மாதிரியே இருந்துச்சு. அம்மா பாத்திருந்தா அப்பவே முடிச்சிருப்பாங்க. உள்ள 80 மி.மீ. ஃபேன், கூடவே வழக்கமான அளவுல இல்லாத ஒரு சின்ன எஸ்.எம்.பி.எஸ். அது நாளைக்குப் போச்சுன்னா அதே அளவுல இன்னொண்ணு கிடைக்கணும். கீழ வச்சிட்டு வந்துட்டேன்.

கிளாஸ்ல ஒருத்தன் ஃபிராக்டல் டிசைனோட நோட் 202-ஐ அனுப்பினான். 82 மி.மீ. உயரம்தான், அழகான பெட்டி, ஒத்துக்கிறேன். ஆனா அதுல மினி ஐ.டி.எக்ஸ். போர்டுதான் போகும், அதாவது 170-க்கு 170 மி.மீ. என்கிட்ட இருந்தது ஐ3-8100 மாட்டின 244 மி.மீ. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு. அந்த புராசசர் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேயே 10 பிட் 4கே வீடியோவை ஹார்டுவேர்ல ஓட்டிடும், அதைத் தூக்கிப் போட மனசு வரல. டிவிடி டிரைவுக்கும் அதுல இடம் இல்ல. ஸ்ட்ரீகாம் மாதிரி ஃபேனே இல்லாத அலுமினியப் பெட்டிகளும் இருக்கு. உடம்பே ஹீட்சிங்க், சத்தம் பூஜ்யம். தாத்தா காதுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனா அது சுத்தி நல்ல காத்து இருந்தாத்தான் வேலை செய்யும். மே மாசம் எங்க ஹாலே 36 டிகிரி, அதுலயும் மூணு பக்கம் மரம் அடைச்ச தட்டு. விலையைப் பத்திப் பேசவே வேண்டாம். என் கையில இருந்தது இன்டர்ன்ஷிப்ல மிஞ்சின 6,000 ரூபாய்.

கடைசியில எம்.எஸ். படிக்கப் போற ஒரு சீனியர் அக்கா கோயம்புத்தூர்ல தன்னோட சில்வர்ஸ்டோன் பெட்டியை விக்கிறாங்கன்னு தெரிஞ்சுது. ரிசீவர் மாதிரியே 44 செ.மீ. அகலம், 17 உயரம், 36 ஆழம். பக்கவாட்டுல 120 மி.மீ. ஃபேன், வடிகட்டி வலையோட. முன்னாடி டிவிடி டிரைவுக்கு 5.25 இன்ச் இடம். சாதாரண ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ். பொருந்தும். 4,500-க்குக் கொடுத்தாங்க. கோயம்புத்தூர்ல இருந்து மதுரை வரைக்கும் பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்துல இருந்த பாட்டி தாராபுரம் தாண்டினதும், "உள்ள என்ன ஆத்தா, ஆர்மோனியமா?"ன்னு கேட்டாங்க.

தட்டுக்குள்ள தள்ளினா மேல 4, பக்கத்துக்கு 3, பின்னாடி 6 செ.மீ. மிச்சம். அளவு சரி. காத்துதான் யோசிக்க வேண்டியிருந்துச்சு. இதுக்கு பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், விரல்ல எண்ணலாம். ஒரு லிட்டர் காத்து சுமார் 1.2 கிராம். ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க ஒரு ஜூல். பெட்டியில இருந்து வெளிய வர்ற காத்து உள்ள போனதைவிட 5 டிகிரிக்கு மேல சூடா இருக்கக் கூடாதுன்னு வச்சா, ஒவ்வொரு லிட்டரும் 6 ஜூல் எடுத்துட்டுப் போகும். தாராளமா 60 வாட்னு வச்சாலும் வினாடிக்கு 10 லிட்டர் போதும். ஒரு 120 மி.மீ. ஃபேன் மெதுவா சுத்தியே அதைக் கொடுத்துடும். ஆனா அந்த சூடான காத்து தட்டுக்குள்ளயே சுத்தி மறுபடியும் உள்ள போச்சுன்னா இந்தக் கணக்கு எல்லாம் வீண். அதனால ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டு ஸ்டாண்டோட பின் பிளைவுட்ல அகலமா ஒரு ஜன்னல் வெட்டச் சொன்னேன். அம்மாவுக்கு மனசே இல்ல. "பின்னாடிதானேம்மா, யாருக்குத் தெரியப் போகுது"ன்னு அண்ணனே சமாதானம் சொன்னார். அந்த ஜன்னல்ல கொசுவலை அடிச்சாச்சு, பல்லிக்காக. சூடா இருக்கிற எந்தப் பெட்டியையும் எங்க ஊர்ப் பல்லிகள் விடாது.

தாத்தாவோட சோதனை வேற மாதிரி. பெட்டியைப் பாத்ததும் பிளக்கைத்தான் கையில எடுத்தார். மூணு பின் இருக்கான்னு பாத்தார். அப்புறம் டெஸ்டரைக் கொண்டுவந்து சுவர் சாக்கெட்ல எர்த் உண்மையிலேயே வருதான்னு அரை மணி நேரம் பாத்தார். அது அதிகப்படி இல்ல. எஸ்.எம்.பி.எஸ். உள்ள மின்கம்பியில இருந்து உலோக உடம்புக்கு இரைச்சல் வடிகட்டுற சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் சரியில்லைன்னா அது வழியா கசியுற மின்சாரம் பெட்டியைத் தொடும்போது விரல்ல சுருக்குன்னு தெரியும். ஹாஸ்டல்ல நம்மில் நிறைய பேருக்கு அது பழக்கம். மெட்டல் கேபினட் ஹாலுக்கு வருதுன்னா, வீட்டுல சின்னப் பசங்க இருந்தா, இதை முதல்ல பாருங்க.

ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சுட்டு பிசியை ஆன் பண்ணினேன். முன்னாடி நீல எல்.இ.டி. ஒண்ணு டார்ச் மாதிரி அடிச்சுது, அது மேல கறுப்பு டேப். தாத்தா மெஷினை மாட்டிக்கிட்டு பெட்டிகிட்ட காதைக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. மெஷினைக் கழட்டிட்டு, கையைப் பெட்டி மேல வச்சுப் பாத்தார். "டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி உறுமுது"ன்னார். எனக்குப் பக்குன்னு ஆச்சு. "அது பரவால்ல பாப்பா, அது முப்பது வருஷம் கேட்ட சத்தம்."

நம்ம 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல டிரான்ஸ்ஃபார்மர் உறுமுறது 100 ஹெர்ட்ஸ்ல. என் ஃபேன் 93. கையால தொட்டே கண்டுபிடிச்சிட்டார் மனுஷன்.

இப்ப மிச்சம் இருக்கிற ஒரே சத்தம் டிவிடி டிரைவ். டிஸ்க்கைப் போட்டதும் ஃபுல் வேகத்துல சுத்தி மிக்ஸி மாதிரி கத்துது. விசிடி ஓட அவ்வளவு வேகம் தேவையே இல்ல, லினக்ஸ்ல ஒரு கட்டளையில டிரைவோட வேகத்தைக் குறைக்கலாம். டிஸ்க் மாத்தும்போதெல்லாம் அது தானா ஓடுற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டு இருக்கேன். ரெண்டாவது டிஸ்க் போடுற வரைக்கும் தாத்தா ஹால்லயே உட்கார்ந்திருக்கார்னு அம்மா நேத்து போன்ல சொன்னாங்க. ரிசீவர்ல வால்யூம் எவ்வளவுன்னு கேட்டேன். முன்னாடி 45 வைப்போம். இப்ப 30.