எட்டுக்குப் பத்து ரூமும் ஒரு உள்தாழ்ப்பாளும்

வீட்டை ஒழுங்குபடுத்துறதைப் பத்தி உலகத்துல எல்லாரும் எழுதிட்டாங்க. நம்ம பங்குக்கு நாமளும் ஒண்ணு எழுதி வைப்போமேன்னுதான் இந்தப் பதிவு. ஆனா இது சென்னை ஃப்ளாட்டும் இல்ல, பெங்களூர் வில்லாவும் இல்ல. சங்கரன்கோவில்ல ஒரு பழைய காரை வீடு. அதுல மேற்கு ஓரமா எட்டுக்குப் பத்து அடியில ஒரு ரூம். அவ்வளவுதான் கதைக்களம். பதிவு கொஞ்சம் நீளம், காபியைப் போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க :)

முதல்ல வரலாறு. (கொசுவத்தியை நல்லா சுத்திக்கோங்க.) எங்க ஊர்ல கோவிலுக்கு அடுத்தபடியா தெரிஞ்ச விஷயம் விசைத்தறி. அப்பா இருந்த வரைக்கும் எங்க வீட்டுப் பின்கட்டுலயும் நாலு தறி ஓடுச்சு. இந்த ரூம் அப்போ நூல் ரூம். கோன், தார், நெஞ்சு முடிச்ச துண்டு எல்லாம் இங்கதான் அடுக்கியிருக்கும். அப்பாவுக்கு அப்புறம் தறியைக் குடுத்தாச்சு. ரூம் மட்டும் 'எங்க வைக்கன்னு தெரியாததெல்லாம் வைக்கிற ரூம்' ஆயிருச்சு.

2020ல கொரோனா வந்து ஆபீஸைப் பூட்டினப்போ நான் ஊருக்கு வந்தேன். லேப்டாப்ல ஆணி புடுங்குற வேலைதானே, எங்க இருந்து புடுங்குனா என்ன? ரெண்டு மாசத்துக்குன்னு சொல்லி ஒரு கட்டிலை மட்டும் அந்த ரூமுக்குள்ள தள்ளிப் போட்டோம். அந்த ரெண்டு மாசம் நாலு வருஷத்தையும் தாண்டிப் போச்சு. அம்மா தனியா இருக்காங்க, கம்பெனியும் 'அங்கேயே இருந்துக்கோ'ன்னு சொல்லிருச்சு. ஊர்லயே இருக்கிறதுன்னு முடிவானதும்தான் ரூமைச் சுத்தி ஒரு பார்வை பாத்தேன். கணக்கு இதோ:

- அப்பா வாங்கின இரும்பு பீரோ. உள்ள அம்மா சேலை, வீட்டுப் பத்திரம், மூணு தலைமுறை ரேஷன் கார்டு.
- அண்ணனோட இன்ஜினியரிங் நோட்டு நாலு அட்டைப்பெட்டி, ஒரு கிரிக்கெட் பேட், உயிர் போன சிபியு.
- கழிவு நூல் மூணு சாக்கு.
- ஆடித்தபசுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்காக ஆறு பாய், எட்டுத் தலகாணி.
- பரண் மேல, சாக்குல சுத்தி, எனக்கு வச்ச சீர் பாத்திரம்.
- என்னோடது: ரெண்டு சூட்கேஸ் துணி, லேப்டாப், ஒரு முப்பது புத்தகம்.

அதாவது என் ரூம்னு பேரு, அதுல நான் கால்வாசி கூட இல்ல.

மரி கோண்டோன்னு ஒரு ஜப்பான் அம்மணி தெரியும்லா? 2014ல அவங்க புத்தகம் இங்கிலீஷ்ல வந்துச்சு, 2019 ஜனவரியில நெட்ஃப்ளிக்ஸ்ல நிகழ்ச்சியே வந்துருச்சு. துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியா ஞாபகப் பொருள்னு வகை வகையா பிரிக்கச் சொல்லுவாங்க. ஒவ்வொண்ணையும் கையில எடுத்து 'இது மனசுக்குச் சந்தோஷம் தருதா'ன்னு பாக்கணும், தரலைன்னா நன்றி சொல்லி அனுப்பிரணும். நல்ல முறைதான். ஆனா நம்ம ஊர் வீட்டுல அந்தக் கேள்விக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு: 'இது யாருது?' அடுத்தவங்க பொருள்ல கை வைக்கக் கூடாதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அதனால நான் வகை பிரிக்கல, ஆள் பிரிச்சேன்.

அண்ணன் திருப்பூர்ல இருக்கான். போன் போட்டேன். "கெடக்கட்டும்மா, அது என்ன சோறா கேக்குது?"ன்னான். "இடம் கேக்குதுண்ணே"ன்னேன். நாலு பெட்டியையும் கட்டி, மேல அவன் பேரை எழுதி லாரி பார்சல்ல போட்டு விட்டாச்சு. மறுவாரமே "நோட்டெல்லாம் எடைக்குப் போட்டுட்டேன்"னு மெசேஜ் வருது. அவ்வ்வ்வ்! இருபது வருஷம் நாங்க காத்த பொக்கிஷம்யா அது!

கழிவு நூலை ஒர்க்ஷாப்காரர் ஒருத்தர் எடுத்துக்கிட்டார். மெஷின் எண்ணெய் துடைக்க அதை விட நல்ல சாமான் கிடையாது. சாக்குக்கு அடியில அப்பா தறியோட நாடா ஒண்ணு கிடந்துச்சு. ரெண்டு பக்கமும் கூரா, படகு மாதிரி, கைபட்டுக் கைபட்டு வழுவழுன்னு ஆன மரம். அது மட்டும் எங்கேயும் போகல. இப்ப என் மேஜை மேல இருக்கு.

அப்புறம் வந்துச்சு பரண். நான் ஆறாவது படிக்கும்போதே அம்மா பாத்திரச் சீட்டு போட ஆரம்பிச்சாங்க. மாசாமாசம் கட்டி, தீபாவளிக்குத் தீபாவளி எவர்சில்வர் குடம், தூக்குச்சட்டி, டம்ளர் செட், பித்தளை அண்டா, ஒரு ஜோடி குத்துவிளக்குன்னு எடுத்து, ஒவ்வொண்ணுலயும் என் பேரை வெட்டி மேல ஏத்தி வச்சாங்க. எனக்கு இப்ப நாப்பத்தொண்ணு. கல்யாணம் வேண்டாம்னு நான் சொல்லி ஏழெட்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசறது இல்ல. பேசாம இருந்ததுக்கெல்லாம் சேத்து அந்தப் பாத்திரம் மேல உக்காந்திருந்துச்சு.

"எறக்கிருவோமாம்மா?"ன்னேன்.

"அது உனக்கு வச்சதுட்டி."

"எனக்கு வச்சதுன்னா எனக்குக் குடு. அடுப்படியில புழங்குவோம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "அதை எறக்கிட்டா இனிமே ஒண்ணும் கிடையாதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்லா"ன்னாங்க.

நான் ஏணியை மடக்கி வச்சிட்டேன். மத்த வேலையைப் பாத்தேன்.

பீரோ: மேற்குச் சுவர்ல இருக்கிற ஒரே ஜன்னல்ல ஒரு கதவை பீரோ முழுசா மறைச்சிட்டு நின்னுச்சு. நகட்டலாம்னதும் அம்மா, "கன்னி மூலைட்டி அது! பீரோ அங்கதான் இருக்கணும்"ன்னாங்க. வாஸ்துவோட மோதி ஜெயிச்சவங்க யாரு? அதனால மூலையை மாத்தல, சுவரை மாத்தினேன். அதே தென்மேற்கு மூலையில, மேற்குச் சுவரை விட்டுத் தெற்குச் சுவரை ஒட்டி நிறுத்தினா கன்னி மூலையும் போகல, பீரோ வடக்கு பாத்துத் திறக்குது. வடக்கு குபேர திசை. அம்மாவுக்கு டபுள் சந்தோஷம், எனக்கு முழு ஜன்னல்.

கட்டில்: பீரோவுக்கு அடுத்து அதே தெற்குச் சுவர்ல, தலைமாடு கிழக்கால. மூணடி பீரோ, ஆறேகால் அடி கட்டில், மொத்தம் ஒம்பதேகால். பத்தடிச் சுவர்ல முக்கால் அடி மிச்சம், அதுல செருகின மாதிரி ஒரு ஸ்டூல். மேஜை ஜன்னலை ஒட்டி. நடுவுல காலியா தரை தெரியுது. சிவப்பு ரெட் ஆக்சைடு தரை! அது அங்க இருக்கிறதே மறந்து போச்சு. தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தொட்டுத் துடைச்சதும் முகம் தெரியுது. (அன்னைக்கு மட்டும் பாத்து நடக்கணும்.)

சுவர்: பெயிண்ட் அடிக்கல, சுண்ணாம்புதான். சுண்ணாம்புக்கல்லைத் தண்ணியில போட்டா கொதிச்சு நீறும். அதை வடிகட்டி, ஒரு சொட்டு நீலம் விட்டு அடிக்கணும். அடிச்சப்புறம் காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லா இறுகும். காரம் ஜாஸ்திங்கிறதால பூஞ்சை அவ்வளவா பிடிக்காது. பழைய காரைச் சுவருக்கு அதுதான் ஒத்துப் போகும், சுவர் மூச்சு விடும். டிஸ்டம்பர் அடிச்ச சுவர்னா முழுசா சுரண்டாம சுண்ணாம்பு நிக்காது, கவனம்.

ஜன்னல்: மேற்கு ஜன்னல்னா சாயங்கால வெயில், ஆடி மாசம் மேகாத்து, காத்தோட புழுதி. கொசு வலையும், உள்ளூர்த் தறியில நெஞ்ச பருத்தித் துணியில ஒரு திரையும் போட்டாச்சு. நிலைப்படிக்கு மேல கோவில் புத்துமண் பொட்டலம் வழக்கம் போல இருக்கு. பூச்சி பொட்டு அண்டாதுன்னு ஊர் நம்பிக்கை. அதுல நான் கை வைக்கல. கோமதி அம்மன் ஏரியா :)

கடைசியா தாழ்ப்பாள். சரக்கு ரூமா இருந்ததால கதவுக்கு வெளியில மட்டும்தான் கொண்டி. உள்ள ஒண்ணும் கிடையாது. நாலு வருஷமா கதவு எப்ப வேணா திறக்கும். வர்ஜீனியா வுல்ஃப் 1929லயே சொல்லிட்டாங்க, ஒரு பொம்பளை எழுதணும்னா வருஷத்துக்கு 500 பவுண்டும் பூட்டு போட்ட ஒரு ரூமும் வேணும்னு. எனக்கு 120 ரூபாயில ஒரு தாழ்ப்பாள் போதும்னு ஆசாரியைக் கூப்பிட்டேன்.

"எதுக்கு உள்தாழ்ப்பாள்? தபசுக்கு ஆள் வந்தா எங்க படுப்பாங்க? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"ன்னாங்க அம்மா.

"கோமதி அம்மனே ஒத்தையில நின்னு தபசு இருந்த ஊரும்மா இது. நான் ஒத்தையா ஒரு ரூம்ல இருந்தா ஆகாதா?"

ஆசாரி சிரிச்சிட்டார். அம்மாவும் சிரிப்பை அடக்கிட்டு உள்ள போயிட்டாங்க. பாய் தலகாணியெல்லாம் பின்கட்டு அலமாரிக்குப் போச்சு. தபசுக்கு வந்தவங்க பட்டாசாலைலயும் மொட்டை மாடிலயும் படுத்து, காத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க.

தாழ்ப்பாள் போட்டு ஒரு வாரம் இருக்கும். கதவைத் தட்டுற சத்தம். எங்க வீட்டுல ஒரு கதவைத் தட்டி நான் கேட்டதே இல்ல. திறந்தா அம்மா, கையில காபி. புது டம்ளர். விளிம்புக்குக் கீழ என் பேரு. எப்ப ஏணி போட்டு ஏறினாங்கன்னு தெரியாது, அந்த வயசுல.

"மீதியை நீயே எறக்கு. எனக்கு முட்டி வலிக்கி"ன்னாங்க.

இப்ப குடமும் தூக்குச்சட்டியும் அடுப்படியில புழங்குது. அண்டா யாருக்குன்னு அம்மாதான் முடிவு பண்ணணும், அது அவங்க காசு. குத்துவிளக்கு ஒண்ணு சாமி ரூம்ல, ஒண்ணு என் ரூம்ல.

டிஸ்கி: ரூமை ஒழிக்கப் போற மக்களுக்கு ஒரே ஒரு யோசனை. டப்பா, ஹேங்கர், அலமாரின்னு வாங்க முதல்லயே கடைக்கு ஓடாதீங்க. ஒரு பேப்பர்ல ஒவ்வொரு சாமானும் யாருதுன்னு எழுதுங்க. பாதி ரூம் அங்கேயே காலியாயிரும். மீதிப் பாதிக்குத்தான் பேச வேண்டியிருக்கும்.