தள்ளலாம், இழுக்க முடியாது

ஒரு கிட்டங்கி. அதற்குள் சில பெட்டிகள். தரையில், பெட்டிகள் எத்தனையோ அத்தனை குறிகள். ஒரே ஒரு வேலையாள். அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிச்சென்று குறிகளின் மேல் நிறுத்த வேண்டும். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் தள்ளலாம், இரண்டைச் சேர்த்துத் தள்ள முடியாது. விதிகள் இவ்வளவுதான். விளையாட்டின் பெயர் சோகோபன். ஜப்பானிய மொழியில் கிட்டங்கிக் காப்பாளர் என்று பொருள்.

ஜப்பானின் தகராசுகா நகரைச் சேர்ந்த ஹிரோயுகி இமபயாஷி என்பவர் 1981இல் இதை உருவாக்கினார். அடுத்த ஆண்டு அவருடைய 'திங்கிங் ராபிட்' நிறுவனம் இதை விற்பனைக்கு விட்டது. 1988இல் அமெரிக்காவில் வெளியானது. பின்னர் உலகின் ஏறக்குறைய எல்லா வகைக் கணினிகளுக்கும் பரவியது. எங்கள் வீட்டுக்கு வந்தது நானாவின் பென் டிரைவில். கடைக் கணக்குப் பார்ப்பதற்காக வாங்கி, வேகம் குறைந்ததால் ஒதுக்கிவைத்த பழைய கணினி ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் இணைய இணைப்பு கிடையாது. புதிய விளையாட்டு எதையும் அது தாங்காது. சோகோபனை மட்டும் தாங்கியது.

விளையாடத் தேவை நான்கு அம்புக்குறி விசைகள் மட்டுமே. நேர எல்லை இல்லை, எதிரி இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனாலும் ஒரு நிலையை முடிக்கச் சில சமயம் இரண்டு நாள் பிடிக்கும். காரணம் அந்த 'இழுக்க முடியாது' என்ற விதிதான். மூலைக்குள் போன பெட்டி திரும்பி வராது. சுவரோரமாய் ஒட்டிய பெட்டி சுவர் நெடுகத்தான் நகரும், நடுவுக்கு வராது. நான்கு பெட்டிகள் சதுரமாகச் சேர்ந்துவிட்டால் நான்கும் அசையா. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோசப் கல்பர்சன், 1997இல் இந்த விளையாட்டைக் கணிதமாக ஆராய்ந்தார். கணினிகளுக்கே மிகக் கடினமான ஒரு வகைக் கணக்குகளின் வரிசையில் இதுவும் சேரும் என்று நிறுவினார். பார்க்கக் குழந்தை விளையாட்டு, உள்ளே போனால் பெருங்கணக்கு.

என் வாப்பாவுக்கு ஹட்டன் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. 'கேம்' என்ற சொல் காதில் விழுந்தாலே அவர் முகம் மாறும். ஒருநாள் இரவு கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். வழக்கமான பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "மகள், அந்த உள்ளுக்கு இருக்கிற குறிக்குத்தான் முதல்ல பெட்டி போகோணும். வாசல்ல இருக்கிறத முதல்ல நிரப்பினா மத்தது எப்பிடி உள்ளுக்குப் போகும்?" என்றார். கடைக்குப் பின்னாலுள்ள கிட்டங்கியில் முப்பது வருடமாக அரிசி மூடையும் சீனி மூடையும் அடுக்கியவரின் கண் அது. சோகோபனில் புதியவர்கள் கற்க வேண்டிய முதல் பாடத்தை, ஒரு விசையும் தொடாமலே அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் இதை 'கேம்' என்று சொல்வதில்லை. 'மூடை கணக்கு' என்பார்.

இனி, இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நாமே புதிய நிலைகளை உருவாக்கலாம். அதற்கு நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை. ஒரு நிலை என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. கணினியோடு வரும் நோட்பேடில் திறந்தால் கோலம் போலச் சில குறியீடுகள் தெரியும். அவற்றின் பொருள் இது:

# சுவர்
@ வேலையாள்
$ பெட்டி
. பெட்டி போய்ச்சேர வேண்டிய குறி
* குறியின் மேல் ஏற்கெனவே நிற்கும் பெட்டி
+ குறியின் மேல் நிற்கும் வேலையாள்

வெற்றுத் தரைக்கு இடைவெளி விடுவார்கள், அல்லது - என்ற சிறு கோடு இடுவார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும். மிகச் சிறிய நிலை ஒன்று:

#######
#@-$-.#
#######

வலது விசையை மூன்று முறை அழுத்தினால் முடிந்தது. இதைப் பார்த்து யாரும் வியக்கப்போவதில்லை. ஆனால் இதை நீங்களே தட்டச்சுச் செய்து, சேமித்து, 'ஜேசோகோ' போன்ற ஓர் இலவச சோகோபன் மென்பொருளில் திறந்து பாருங்கள். நீங்கள் இட்ட குறியீடு சுவராக எழுந்து நிற்கும். அந்த நேரத்துச் சந்தோஷமே வேறு. பெட்டியின் தோற்றத்தையும் மாற்றிக்கொள்ள இடமுண்டு. நான் பெயிண்டில் பழைய காலத்துத் தேயிலைப் பெட்டி ஒன்றை வரைந்து, மரப்பெட்டியின் படத்துக்குப் பதிலாக அதை வைத்தேன். ஜப்பானியக் கிட்டங்கி ஒரே நாளில் எங்கள் மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஆகிவிட்டது.

நிலை அமைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. மனம்போனபடி சுவரையும் பெட்டியையும் வைத்தால், பெரும்பாலும் தீர்வே இல்லாத நிலைதான் கிடைக்கும். தீர்வில்லாத புதிரை ஒருவரிடம் கொடுப்பது அவரை ஏமாற்றுவதற்குச் சமம். அதனால் முடிவிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாப் பெட்டிகளையும் குறிகளின் மேல் வையுங்கள். பிறகு வேலையாளைக் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி இழுத்து வாருங்கள். விளையாடுபவருக்கு இழுக்க அனுமதியில்லை. அமைப்பவருக்கு உண்டு. நீங்கள் இழுத்துவந்த வழி எதுவோ, அதைத் திருப்பிப் போட்டால் அதுவே தீர்வு. ஆகவே அந்தப் புதிருக்குத் தீர்வு நிச்சயம்.

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கணினி உறங்கிவிட்டது. சாதாரண தரப் பரீட்சை மே மாதத்தில். படித்துக் களைத்த இடைவேளைகளில் சோகோபனைக் காகிதத்துக்கு மாற்றினோம். கொப்பி விலை ஏறிக்கிடந்த காலம் என்பதால் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் கீறினோம். சட்டைப் பொத்தான்கள் பெட்டிகள், புளியங்கொட்டை வேலையாள். கணினியைவிட இதில் ஒரு நன்மை இருந்தது. வீட்டில் கணினி இல்லாதவர்களும் விளையாடலாம்.

அப்படி வந்து சேர்ந்தவள்தான் என் சிநேகிதி. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். அவளுடைய அம்மா கொழுந்து எடுப்பவர். விதிகளைச் சொல்லிக் கொடுத்தபோது அவள் சிரித்தாள். "இதப் புதுசா வெளாடணுமா? ராத்திரி படுக்கப் போறப்ப எங்க காம்பராவில தெனமும் இதத்தானே செய்றோம்" என்றாள்.

மறுநாள் அவள் ஒரு நிலை வரைந்து கொண்டுவந்தாள். லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. இரண்டடிக்கு ஒரு கட்டம் என்று வைத்து, ஐந்துக்கு ஆறாக 30 கட்டம் கீறியிருந்தாள். கட்டிலும் அலமாரியும் அசையாதவை. ஆகவே அவற்றைச் சுவராகக் குறித்திருந்தாள். தகரப் பெட்டி, அரிசி வாளி, தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, அவள் படிக்கும் சின்ன மேசை ஆகிய ஐந்தும் பெட்டிகள். ஐந்து பேர் படுப்பதற்கு இடம்விட்டு அவை எங்கெங்கே போக வேண்டுமோ அங்கெல்லாம் குறிகள். அதுவரை எத்தனையோ நிலைகளை விளையாடியிருந்தேன். ஒரு வீட்டை இப்படித் தாளில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நிலைக்குத் தீர்வு வரவில்லை. இரண்டு நாள் பொத்தான்களை நகர்த்திப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் மேசை கதவை அடைத்துக்கொண்டு நின்றது. "வீட்டிலயும் அப்பிடித்தான். ராவில மேசைய இஸ்தோப்புக்குத் தூக்கிப் போட்டுருவோம். மழ வந்தா நனையும். படிக்கிறது அதோட நின்னுரும்" என்றாள் அவள். பிறகு பின்னோக்கி இழுக்கும் முறையில் தொடங்கினோம். மேசையை அது நிற்க வேண்டிய மூலையில் வைத்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தோம். அப்போதுதான் விளங்கியது. பிரச்சினை மேசையில் இல்லை, விறகுக் கட்டில் இருந்தது. அது நின்ற அந்த ஒரே ஒரு கட்டம் காலியானால் மற்ற நான்கும் நகர வழி கிடைத்தது.

அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். விறகுக் கட்டு இஸ்தோப்பின் மூலைக்கு, ஒரு பழைய தகரத்தின் கீழ் போனது. மேசை உள்ளே நின்றது. அதன்மேல் ஒரு குப்பி விளக்கு. பரீட்சை முடியும்வரை அவளுக்கு அந்த மூலை இருந்தது. விளையாட்டு அவர்கள் வீட்டைப் பெரிதாக்கவில்லை. அதே பத்துக்குப் பன்னிரண்டுதான். ஒரு கட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டியது, அவ்வளவுதான். பிறகு ஒருநாள் என் நிலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "நீ சுவர் போடுறப்ப உள்ள நிக்கிறவன நெனச்சுப் போடுற. லயம் கட்டுனவங்க அப்பிடி நெனைக்கல" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் ஒரு சுவர்க் குறியீட்டை அழுத்தும்போது அந்த வார்த்தை வந்து நிற்கும்.

அவள் அமைத்த நிலைகளில் எளிதான ஒன்றை, அவளுடைய அனுமதியோடு இங்கே தருகிறேன். கணினி இருப்பவர்கள் தட்டச்சுச் செய்யுங்கள். இல்லாதவர்கள் கட்டம் கீறிப் பொத்தான் வையுங்கள்.

#######
###.###
###.###
#--$--#
#-$-@-#
#-----#
#######

இரண்டு எச்சரிக்கைகள். இடது விசையை ஒரு முறைக்கு இரண்டு முறை அழுத்திவிட்டால், கீழ்ப் பெட்டி சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அது ஆகாது. இரண்டாவது, மேல் பெட்டி முதற்குறியைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். வாப்பா சொன்னது நினைவிருக்கட்டும். உள்ளே போக வேண்டியது முதலில் போக வேண்டும்.

இதில் பழகியபின் அடுத்த படிக்கு டேவிட் ஸ்கின்னர் என்பவர் அமைத்த 'மைக்ரோபன்' தொகுப்பு நல்லது. 155 சிறிய நிலைகள், புதியவர்களுக்கென்றே அமைந்தவை. அதையும் கடந்தவர்கள் 'எக்ஸ்சோகோபன்' என்ற தொகுப்பின் 90 நிலைகளுக்குப் போகலாம். அங்கே பொறுமை அதிகம் தேவைப்படும். சிக்கிக்கொண்டால் ஒரு படி பின்னே செல்லும் வசதி கணினியில் உண்டு. ஆனால் எதனால் சிக்கினோம் என்று பார்த்துவிட்டுப் பின்னே செல்லுங்கள். பாராமல் சென்றால் அதே இடத்தில் மறுபடியும் சிக்குவோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கணினியின் முன் இருந்தால், "எத்தனை மணித்தியாலமா இருக்கிறாய்?" என்று கேட்பது நியாயம்தான். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "நீ என்ன செய்திருக்கிறாய், காட்டு பார்ப்போம்." பிறர் கட்டிய சுவர்களுக்குள் ஓடித்திரிவது ஒன்று. சுவர் எங்கே நிற்க வேண்டும், எங்கே ஒரு கட்டம் விட வேண்டும் என்று தானே தீர்மானிப்பது வேறு. என் வாப்பா அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான், உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தையும் ஒரு பாடமாக எடுக்க எனக்குச் சம்மதம் கிடைத்தது.

தோழிகளே, உங்கள் வீட்டு அறையை, வகுப்பறையை, பஸ் நிலையத்தை, கொழுந்து மடுவத்தைக் கட்டம் கட்டமாகக் கீறிப் பாருங்கள். அசையாதது எது, அசைவது எது, எது எங்கே போக வேண்டும் என்று குறியுங்கள். தீர்வு வராவிட்டால் முடிவிலிருந்து இழுத்து வாருங்கள். வரைந்ததை அடுத்த தவணை எங்கள் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். பொத்தான்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன.