கம்போங் ராஜா மலையும் ஓவியப் படிப்பும்

ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயில் பிரியும் சாலை வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. அது கேமரன் மலையைத் தொடும் இடத்தில் நம்மை வரவேற்கும் சிற்றூர்தான் கம்போங் ராஜா. தாப்பா வழியாக வருகிறவர்கள் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாவற்றையும் கடந்த பிறகே இங்கு வந்து சேர்வார்கள். சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். சற்று உள்ளே போனால் புளூ வேலித் தேயிலைத் தோட்டம்.

1885-இல் இந்த மலைப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். பிறகு மற்றத் தோட்டங்களும் எழுந்தன. காடு வெட்டிச் செடி நட்டு, முதுகில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளியதில் தமிழரின் பங்கு பெரிது. இன்று கொழுந்து எடுப்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் பலர். நம் பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போகிறார்கள். நல்லதுதான்.

ஆனால் அப்படிப் படிக்கப் போகும் பிள்ளைகளில் ஒருவர், "நான் ஓவியத்தில் பட்டம் எடுக்கப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பெற்றோர் அப்படிக் கேட்பதில் தவறில்லை. அந்தப் படிப்பு என்னவென்று தெரிந்துகொண்டு கேட்டால் இன்னும் நல்லது.

காலையில் இந்த மலைச் சரிவைச் சற்று உற்றுப் பாருங்கள். எல்லாம் ஒரே பச்சை என்று தோன்றும். ஆனால் கொழுந்து மஞ்சள் கலந்த பச்சை. முற்றிய இலை கரும்பச்சை. பக்கத்து மலை பச்சையாக இருக்க, தூரத்து மலை வெளிறி நீலமாகத் தெரிகிறது. இடையில் உள்ள காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். தூரத்தை வண்ணத்தாலேயே காட்டும் இந்த வித்தை ஓவியக் கல்வியின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. தோட்டத்துப் பிள்ளை தினமும் பார்த்து வளர்ந்த காட்சிதான் இது. அதற்குப் பெயரும் காரணமும் சொல்லி, கைக்குப் பயிற்சி கொடுப்பது கல்லூரியின் வேலை.

கோடு, வண்ணம், மனித உடலின் அளவு, சிற்பம், அச்சுக்கலை, கலை வரலாறு என்று பாடங்கள் விரிகின்றன. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், சரவாக்கில் உள்ள மலேசியா சரவாக் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இத்துறையில் பட்டம் பெற வழி உண்டு.

தேயிலை மலையில் பிறந்தவருக்கு இது எட்டுமா என்றால், இலங்கையைப் பாருங்கள். அங்கும் நம்மைப்போலவே தமிழகத்திலிருந்து போனவர்கள்தாம் மலையகத் தோட்டங்களை உருவாக்கினார்கள். அந்த மலையகத்தைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்று பட்டம் பெற்றார். பிறகு அவர் அழகான பூவையோ அரண்மனையையோ தேடிப் போகவில்லை. தேயிலையையும் தேநீர்க் கறையையும் தம் படைப்புகளுக்குப் பொருளாக்கினார். தோட்டத்துப் பெண்களின் உழைப்பு கண்காட்சிச் சுவருக்கு ஏறியது. நம் நாட்டிலும் சையத் தாஜுடீன் இருக்கிறார். 1943-இல் தமிழ்நாட்டு அழகன்குளத்தில் பிறந்து மலேசியாவில் வளர்ந்த அவர், சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்று, இங்கே பெயர் பெற்ற ஓவியராக விளங்குகிறார்.

சரி, சோற்றுக்கு வழி? படம் விற்று மட்டும் வாழ்கிறவர்கள் குறைவு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளி ஆசிரியர் வேலை, விளம்பரம், புத்தக வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, அசைபடம், நாடக, திரைப்பட அரங்க அமைப்பு என்று பல கதவுகள் உண்டு. பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் கிடைக்கும். அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே எந்தக் கதவைத் தட்டப்போகிறோம் என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முன்பே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

இன்னொன்று. இத்தகைய படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, தேர்வுப் புள்ளிகளோடு மாணவர் வரைந்த ஓவியங்களையும் பெரும்பாலும் கேட்பார்கள். அதனால் பிள்ளை பழைய நோட்டில் வரைந்த படங்களைக் குப்பையில் போடாதீர்கள். தேதி எழுதி, ஈரம் படாமல் எடுத்து வையுங்கள். கம்போங் ராஜாவுக்கு வரும் பயணிகள் இந்த மலையைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மூடுபனியில் கொழுந்துக் கூடையின் கனம் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியாது. அதை வரைந்து காட்டக்கூடிய கை, தோட்டத்து வீடுகளில்தான் இருக்கிறது.